ஒரு தலைமுறை பின்னால்

அந்த வண்டியின் முதல் தலைமுறையில் தேநீர்க் கோப்பை வைக்க இடம் கிடையாது. இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஓட்டுகிறவன் ஓட்ட வேண்டும், குடிக்கிறவன் இறங்கிப்போய்க் குடிக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் செய்த வண்டி அது. எனக்கு அந்த நினைப்பு பிடித்திருந்தது.

முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். முதல் என்றால் எனக்கு அந்த வண்டிதான். நான்கு கதவு, நடுத்தர உடம்பு, பார்த்தால் குடும்பஸ்தன். உள்ளே மட்டும் பந்தயக்காரன். சோப்புக் கட்டியை நூலால் அறுத்ததுபோல் பின்புறம் நறுக்கென்று முடியும். கூரையைத் தாங்கும் தூண்கள் அவ்வளவு மெல்லியவை. உள்ளே உட்கார்ந்தால் நான்கு பக்கமும் வெட்டவெளியாகத் தெரியும். சாலையில் கிடக்கும் பொடிக்கல்கூட ஸ்டியரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்து சேரும்.

நான் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். வெறும் விற்பனை இல்லை, படித்துத் தேறிய கண் பரிசோதகன். நாள் முழுக்கப் பின்னறை இருட்டில் உட்கார்ந்து மற்றவர்கள் கண்ணுக்குள் எட்டிப் பார்ப்பது என் பிழைப்பு. அப்படிப்பட்டவனுக்கு வெளியே பார்க்க ஒரு வண்டி தேவைப்பட்டது. சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கினேன்.

என் மனைவி மூத்தவள். அவள் தங்கையைக் கட்டியவர் என் சகலை. தரைக்குப் போடும் டைல்ஸ் வியாபாரம். கல்யாணமான புதிதில் என் வண்டியின் பின்சீட்டில்தான் வந்துபோவார். "இதுல அப்படி என்னண்ணே விசேஷம்? எல்லா வண்டிக்கும் நாலு சக்கரந்தானே?" என்று கேட்டார். நான் சொல்லிக்கொடுத்தேன். மலைப்பாதைக்கு எல்லோரையும் அழைத்துப் போய், வளைவுக்கு முன்னால் எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவுக்குள் எந்த இடத்தில் திரும்ப மிதிக்க வேண்டும் என்று காட்டினேன். மலை இறங்கும்போது சாவியை அவரிடம் கொடுத்தேன். சுமாராகத்தான் ஓட்டினார். ஒரு திருப்பத்தில் வண்டி லேசாக வழுக்கி நேரானது. பின்சீட்டில் இருந்த என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். நான் ஓட்டும்போது அவள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "பாத்துப் போங்க." நான் பார்த்துத்தான் போவேன்.

இதைப் பொறாமை என்று எழுதிக்கொள்ள வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாம் தலைமுறையில் மூலைகளையெல்லாம் வழித்து உருட்டிவிட்டார்கள். நீளம் கூடியது. ஸ்டியரிங்கை ஒரு விரலால் சுழற்றலாம். எஞ்சின் பெரிதாகி, சத்தம் சின்னதானது. பத்திரிகையில் வந்த அதன் படத்தை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டியிருந்தேன், எழுத்து அட்டைக்குப் பக்கத்தில். சகலை அதை அங்கேதான் பார்த்தார். கொஞ்ச நாளில் சிவப்பு நிறத்தில் ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. "வீட்டுக்குக்கூட இன்னும் போகலண்ணே. நீங்கதான் முதல்ல ஓட்டணும்" என்று சாவியை நீட்டினார்.

ஓட்டினேன். நல்ல மனிதர். அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்திருந்தால் வாயாரத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மூன்றாம் தலைமுறை வந்ததும் அவர் அதை வாங்கிக்கொண்டு, சிவப்பை எனக்குக் கொடுத்தார். விலை பேச வாயைத் திறந்தேன். "நமக்குள்ள என்னண்ணே காசு?" என்று என் வாயை அடைத்துவிட்டார். என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. "அந்தப் பழைய பெட்டிய வித்துத் தொலைங்க" என்றாள். விற்றேன். வாங்கியவன் தெருமுனையில் கியர் மாற்றத் தெரியாமல் கரகரவென்று அரைத்துக்கொண்டு போனான். அந்தச் சத்தம் மறையும்வரை வாசலில் நின்றேன்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்த்தேன். ஓட்டுநர் இருக்கையில் அவர் முதுகுக்கு ஏற்ற பள்ளம் இருந்தது. என் முதுகு அதில் பொருந்தவே இல்லை. என் மகள் ஏறியதும் மூச்சை இழுத்து, "சித்தப்பா வாசனை" என்று சந்தோஷப்பட்டாள். தெருவில் போகும்போது வண்டியைப் பார்த்துச் சிலர் கையைத் தூக்குவார்கள். உள்ளே இருப்பது நான் என்று தெரிந்ததும் தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொள்வார்கள்.

மாமனார் வீட்டில் நான் பெரிய மாப்பிள்ளை, அவர் சின்ன மாப்பிள்ளை. ஒருநாள் வாசலில் இரண்டு வண்டியும் நின்றன. மாமனார் அவருடையதைச் சுற்றி வந்து தடவிப் பார்த்தார். என்னுடையதைக் காட்டி, "பெரிய மாப்பிள்ளை வண்டிய நான் ஏற்கெனவே பாத்தாச்சே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான்.

அந்த மூன்றாம் தலைமுறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தாழ்வாக, அகலமாக, முறைக்கிற முகத்தோடு வந்தது. மிதித்தால் ஒரு கணம் யோசித்துவிட்டுப் பின்னாலிருந்து தள்ளும். கவிழ்ந்தாலும் கூரை நசுங்கக் கூடாது என்று தூண்களைத் தடிமனாக்கிவிட்டார்கள். ஒரு ஆள் முழுசாக அந்தத் தூணுக்குள் மறைந்துபோகலாம். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்ட வேண்டிய வண்டி.

அந்த வண்டியில்தான் சகலை ஒரு மதியம் கடைக்கு வந்தார். ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் பார்வைச் சான்று வேண்டும். எழுத்து அட்டையைக் கடைசி வரி வரைக்கும் தடங்கலில்லாமல் படித்தார். சான்றுக்கு அது போதும். ஆனால் நான் வேலையை அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. கண்ணின் அழுத்தத்தைப் பார்க்கக் காற்று ஊதும் கருவியில் உட்கார வைத்தேன். அழுத்தம் அதிகம். மறுபடி பார்த்தேன், அதேதான். விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தேன். நரம்பு தொடங்கும் இடம் வெளிறி, பள்ளம் விழுந்திருந்தது. பக்கப் பார்வைச் சோதனையும் செய்தேன். வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, ஓரத்தில் ஒளி மினுக்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். சில இடங்களில் மினுக்கியது. அவர் அழுத்தவில்லை.

கண் அழுத்த நோய். வலிக்காது. பார்வையை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வரும்; நேரே பார்ப்பது மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும். அதனால் ஆளுக்குத் தெரியவே தெரியாது. போன பார்வை திரும்பாது. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால், பெரும்பாலானவர்களுக்கு ராத்திரி படுக்கும்போது ஒரு சொட்டு மருந்து போதும், மிச்சம் நிற்கும். அவருக்கு அது ஆரம்பம். கண் டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று நான் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் முகவாயைக் கருவியிலிருந்து எடுக்காமலே பேசினார்: "அண்ணே, அடுத்த மாடல் வரப்போகுதாம். சுத்தி கேமராவாம். வந்ததும் இது உங்களுக்குத்தான், இப்பவே சொல்லிட்டேன். அண்ணிகிட்டயும் சொல்லிட்டேன், ரொம்ப சந்தோஷம் அவங்களுக்கு."

எழுந்துபோய் அறை விளக்கைப் போட்டேன்.

"கண்ணு அருமையா இருக்கு சகலை" என்றேன்.

அன்று சாயங்காலமே சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். வீட்டுக்கு வந்தால் மகளுக்குப் பரீட்சை. அப்புறம் மாமனாருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அதற்கப்புறம் சொன்னால், ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பார்கள். காலம் கடந்த பிறகு உண்மையைச் சொல்வது அவ்வளவு சுலபமில்லை, உங்களுக்கே தெரியும். அவர் வேறு யாரிடமும் போய் நிற்க வேண்டாம் என்று நானே ஞாபகமாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். தலைவலி என்றார், படிக்கும் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். உயர்ந்த ஃபிரேம். காசு வாங்கவில்லை. எங்களுக்குள் என்ன காசு.

இதற்கிடையில் சொந்தக்காரர்கள் அவரைப் பற்றி ஒருமாதிரி பேச ஆரம்பித்தார்கள். பக்கத்தில் நின்று வாங்க என்றால் திரும்பிப் பார்ப்பதில்லையாம். கை நீட்டினால் கண்டுகொள்ளாமல் போகிறாராம். காசு வந்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது என்றார்கள். மாமனாரே ஒருநாள் என்னிடம், "சின்ன மாப்பிள்ளை முன்ன மாதிரி இல்ல. நீங்கதான் மாறாம இருக்கீங்க" என்றார். அவர் வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு சகலை உள்ளே வந்தார். மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காரணம் எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு சாயங்காலத்தை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

நான்காம் தலைமுறை வந்தது. நான் அதை வெறுத்தேன் என்பதை மறைக்கவில்லை. அழகில் குறை சொல்ல முடியாது. முதல் வண்டியின் நறுக்கான பின்புறத்தைத் திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். நான் வெறுத்தது அதன் புத்தியை. பக்கவாட்டில் யாராவது வந்தால் கண்ணாடியில் மஞ்சள் விளக்கு எரியும். கோட்டைத் தாண்டினால் வண்டியே ஸ்டியரிங்கை இழுத்து நேராக்கும். குறுக்கே எதுவும் வந்தால் கத்தும், அப்படியும் நிற்காவிட்டால் தானே பிரேக் போடும். அவருக்கு ஓரங்களில் என்னென்ன போய்விட்டதோ, அதையெல்லாம் அந்த வண்டி அவருக்காகப் பார்த்துக்கொண்டிருந்தது. காசு இருந்தால் கண்ணைக்கூடப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வாங்கிய சில வாரங்களில் கடைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. "எந்நேரமும் கீச்சு கீச்சுன்னு கத்துதுண்ணே. ஒண்ணுமே இல்லாத இடத்துலகூடக் கத்துது. ஓட்டவே எரிச்சலா இருக்கு. உங்களுக்குத்தான் இந்த வண்டி அத்துப்படி ஆச்சே, கொஞ்சம் பாருங்களேன்."

ஒன்றும் இல்லாத இடத்தில் எந்த வண்டியும் கத்தாது. ஒவ்வொரு கத்தலும் அவர் பார்க்காத ஒரு ஆள், ஒரு சைக்கிள், ஒரு குழந்தை. அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, திரையில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். எல்லாம் வரிசையாக இருந்தது. பக்கவாட்டு எச்சரிக்கை, அணைத்தேன். கோடு தாண்டும் எச்சரிக்கை, அணைத்தேன். குறுக்கே வருவதற்கான ஒலி, அணைத்தேன். அவர் கேட்டார், செய்தேன். தானாகப் பிரேக் போடுவதற்குத் தனியாக ஒரு வரி இருந்தது. அது கத்துவதில்லை. அதைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை.

அதையும் அணைத்தேன். அந்த வண்டியில் ஒருமுறை அணைத்தால், யாராவது போய்த் திரும்பப் போடும்வரை அணைந்தேதான் இருக்கும்.

"அப்பாடா, இப்பத்தான் வண்டி மாதிரி இருக்கு" என்றார். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார். கிளம்பும்போது ரொட்டிக் கடை முக்கில் இடப்பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். பார்க்காமல் திரும்பினார். அன்று யாரும் வரவில்லை.

யாரோ வந்த நாளைப் பற்றி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இறந்துபோன அந்த நர்ஸம்மா வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். இடப்பக்கத்திலிருந்து வந்தார். நல்ல வெயில், காலியான தெரு. சகலை வேகமாகக்கூடப் போகவில்லை. நீங்கள் காட்டிய படத்தில் தரையில் அந்தம்மாவின் கண்ணாடி கிடந்தது. அது நான் செய்துகொடுத்தது. ஃபிரேம் வளைந்திருக்கிறது, லென்ஸில் ஒரு கீறல் இல்லை. அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள் என்று நீங்கள் மறுபடி மறுபடி சொல்கிறீர்கள். கேட்டுக்கொண்டேன். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

ஆஸ்பத்திரியில் சகலையின் கண்ணைச் சோதித்த டாக்டர், இரண்டு நரம்பும் ஏறக்குறைய செத்துவிட்டது, குழாய்க்குள்ளே பார்ப்பதுபோலத்தான் இவருக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறார். இவ்வளவு வருஷம் யார் பார்த்தது என்று கேட்டார்களாம். சகலை என்ன சொன்னார் என்று என் கொழுந்தியாள் அழுதுகொண்டே வந்து சொன்னாள்: "அண்ணன்தான் பாத்தாரு. பாவம், அவருக்குத் தெரிஞ்சிருக்காது. சின்னக் கடை வச்சிருக்கறவரு. அவரத் தொந்தரவு பண்ணாதீங்க."

அவள் போன பிறகு என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்புறம் என் தோளில் கை வைத்தாள். அவள் அப்படித் தொட்டு நாளாகியிருந்தது. "விடுங்க. மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றாள்.

அன்று முழுக்க அந்த வார்த்தை காதிலேயே நின்றது. மறுநாள் கடையைத் திறக்காமல் நேரே இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதைக் குறித்துக்கொண்டீர்களா?

கவனக்குறைவு என்று எழுதினால் தண்டனை குறையும் என்கிறார் வக்கீல். அவர் நல்லதற்குத்தான் சொல்கிறார். ஆனால் அது பொய். எனக்குத் தெரியும், தெரிந்துதான் விட்டேன், தெரிந்துதான் அணைத்தேன். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. இதில் ஒரு பிரதி என் மனைவிக்குக் கிடைக்க வேண்டும். முழுவதும் வேண்டாம், அவளுக்கு அவ்வளவு படிக்கப் பொறுமை இருக்காது. அந்த மதியம் நான் ஒரே தடவையில் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தேன் என்று இருக்கிறதே, அந்தப் பக்கம் மட்டும் போதும்.