ஸ்டியரிங்கில் சுற்றிய துண்டு

அத்தை: …பெருசா ஒண்ணுமில்லை, கார்ல சும்மா ஒரு சத்தம். நீ உன் வேலையைப் பாரு, நான் இப்படி ஓரமா உட்கார்ந்துக்கறேன்.

மருமகள்: கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் ஒர்க்‌ஷாப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. சும்மா சத்தத்துக்கா வந்திருக்கீங்க? எங்க வருது?

அத்தை: முன்னாடிதான். பள்ளத்துல இறங்கினா டொக்குங்கும். நான் பாட்டைச் சத்தமா வெச்சுக்குவேன்.

மருமகள்: அடேங்கப்பா, என்ன ரிப்பேர்! என் பொழைப்புல மண்ணைப் போட்டுடுவீங்க போலிருக்கே. அது சரி, ஸ்டியரிங்ல ஏன் துண்டு சுத்தியிருக்கு?

அத்தை: வேர்வை… கை வழுக்குது.

மருமகள்: ம்ம்… வண்டியே காலியா இருக்கே. உங்க குடை, முதுகு மெத்தை ஒண்ணையும் காணோம்?

அத்தை: சுத்தம் பண்ணினேன். ஏன், குப்பையோட வந்தாதான் பார்ப்பியா?

மருமகள்: ஐயோ, கோவிச்சுக்காதீங்க. முதல்ல டீயைக் குடிங்க.

அத்தை: என்னடி இது, தளும்பத் தளும்ப ஊத்தியிருக்கே!

மருமகள்: மாமியாருக்கு அரை டம்ளர்தான் குடுத்தான்னு நாளைக்குப் பேச்சு வரக் கூடாதில்ல? குடிச்சிட்டு வந்து இந்தச் சக்கரத்தைப் பிடிங்க.

அத்தை: நானா!

மருமகள்: ஜாக்கி போட்டு ஸ்டாண்டும் வெச்சாச்சு, பயப்படாதீங்க. ஒரு கை மேல, ஒரு கை கீழ. நான் அடியில படுத்துக்கறேன். முன்னும் பின்னும் தள்ளி ஆட்டுங்க… இன்னும் பலமா!

அத்தை: ஏய்… ஆடுதேடி! சக்கரமே ஆடுதே!

மருமகள்: நிறுத்தாதீங்க… ஆங், என் விரலுக்கடியில அடிக்குது. பால் ஜாயின்ட் போச்சு அத்தே.

அத்தை: விரலை வெச்சே சொல்லிட்டியா?

மருமகள்: கண்ணை நம்பினா ஏமாந்துடுவோம். குழிக்குள்ள குமிழ் இறுக்கமா திரும்பணும், இது தேய்ஞ்சு தொளதொளத்துப் போச்சு. இப்போ ரெண்டு கையையும் பக்கவாட்டுல வெச்சு ஆட்டுங்க… அங்க பரவாயில்லை.

அத்தை: அப்போ… ஸ்டியரிங் நடுங்கறது?

மருமகள்: நடுங்குதா? அதைச் சொல்லவே இல்லையே நீங்க!

அத்தை: நீ கேட்கலையே.

மருமகள்: அதிர்வு தாங்கற ரப்பர் புஷ்ஷு பிஞ்சிருக்கு, டயர் உள்பக்கமா ஒரே ஓரத்துல தேய்ஞ்சிருக்கு. நடுங்காம என்ன செய்யும்?

அத்தை: …சரி. கழட்டு, பார்க்கலாம்.

*

அத்தை: எம்மாடி, அந்தப் பழசு வெளிய வர என்ன அடம் பிடிச்சுது! நீ சுத்தியலால அடிச்ச அடியில எனக்கே பல்லு ஆடிப்போச்சு.

மருமகள்: இந்தாங்க, பழசு. தலை எப்படி விழுது பாருங்க. இப்போ மாட்டினது மாதிரியே இன்னொரு புதுசு, இதைத் திருப்பிப் பாருங்க.

அத்தை: அசைய மாட்டேங்குது! நீ வண்டியில மாட்டின அழகு இருக்கே… கண்ணை எடுக்க முடியலைடி. இந்தக் கையா சமையல்ல உப்பைக் கோட்டை விடுது?

மருமகள்: அதுக்கும் ஒரு ஜாயின்ட் மாத்தணும் போல. புஷ்ஷு, டயர், வீல் அலைன்மென்ட் எல்லாம் ஆச்சு. ஒரு சுத்து போயிட்டு வரலாம், நீங்க ஓட்டுங்க. துண்டை எடுத்துடுங்க.

அத்தை: துண்டு இல்லாமலா…

மருமகள்: எடுங்க அத்தே. …பள்ளம் வருது, மெதுவா விடுங்க.

அத்தை: சத்தமே இல்லை! ஏய்… நடுங்கலை. நடுங்கவே இல்லைடி!

மருமகள்: அழறீங்களா? ஓரமா நிறுத்துங்க, நிறுத்துங்க.

அத்தை: கைன்னு நினைச்சேன். என் கைதான் போச்சுன்னு நினைச்சேன்டி. இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க ஜாஸ்தியாச்சு. யாரும் பார்த்துடக் கூடாதேன்னு துண்டைச் சுத்தினேன்.

மருமகள்: உங்க புள்ளை பார்த்துட்டாரு. காலையில போன் பண்ணினாரு… அம்மா கை நடுங்குது, வண்டி இனி தேறாதுன்னு அவங்ககிட்ட சொல்லிச் சாவியை வாங்கி வெச்சுக்கோன்னு.

அத்தை: அப்புறம் ஏன் வாங்கலை?

மருமகள்: ஆட்டிப் பார்க்காம நான் எதையும் கழிச்சுக் கட்ட மாட்டேன். டீயைத் தளும்ப ஊத்தினது அதுக்குத்தான். ஒரு சொட்டு சிந்தலை நீங்க.

அத்தை: அடி கள்ளி!

மருமகள்: கோவமா?

அத்தை: கோவமா! அவன் குடுத்து வெச்சவன்டி. நானும்தான்.

மருமகள்: அப்போ நீங்களும் நிஜத்தைச் சொல்லுங்க. குடையும் மெத்தையும் எங்க?

அத்தை: வீட்டுல, பரண்ல… நான் சத்தத்துக்காக வரலைடி. அவன் வாய்விட்டுக் கேட்கறதுக்கு முன்னாடி, சாவியை உன் கையில குடுத்துட்டு நடந்தே வீட்டுக்குப் போயிடலாம்னுதான் வந்தேன்.