கிழியவே கிழியாது

இல்லண்ணே, நீங்களே சொல்லுங்க, வீட்டுல இருக்கறதே ஒரு டாய்லெட்டு. அதுவும் அடைச்சுக்கிட்டா மனுஷன் எங்கண்ணே போவான்? பிளம்பர் உங்களக் கூப்பிடற வரைக்கும் வந்துருச்சே, அதச் சொல்லணும். நீங்க பாட்டுக்குக் கம்பிய விட்டுக் குத்துங்க, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருக்கேன்.

யாரு வேலைன்னு எனக்குத் தெரியும். எங்க மாமியாரு! ஷ்ஷ்... உள்ள பொட்டி கட்டிட்டிருக்காங்க. காலையில ஒரே ஒரு வார்த்தை கேட்டேன்ணே, "அத்தை, பாப்பாவத் தொடைக்கிற துணியெல்லாம் இதுக்குள்ளயா போடுறீங்க?"ன்னு. அவ்ளோதான்! "நான் என் வீட்டுக்குக் கெளம்பறேன் மாப்ள"ன்னுட்டாங்க. நாளைக்கு என் பொண்டாட்டி திரும்ப ஆபீஸ் போகணும். பாப்பாவ யாரு பாக்கறது, நீங்களா?

அவங்க பழைய பருத்தித் துணியக் கிழிச்சு, வெந்நீர்ல நனைச்சுதான் தொடைப்பாங்க. இந்தக் காலத்துல! நான் பாக்கெட்ல ஈரமாவே வருமே, அந்த வைப்ஸ் வாங்கிட்டு வந்தேன். சும்மா வாங்கல... கடையில பாக்கெட் பாக்கெட்டா மோந்து பாத்தேன். கடைக்காரரு என்னைய ஒரு மாதிரியா பாத்தாரு. பாக்கட்டுமே! வாசன இருந்தா பாப்பா தோலுக்கு ஆகாது, ஆல்கஹால் இருந்தா எரியும். சிலது இருக்கு பாருங்க, அவ்ளோ மெல்லிசு, தொடச்சா விரலு அந்தப் பக்கம் வந்து... சீ, அத விடுங்க. சிலது ஒண்ண இழுத்தா பின்னாடியே அஞ்சாறு கெளம்பி வரும். எல்லாத்தையும் கழிச்சுக் கட்டிட்டு ஒண்ணு புடிச்சேன். நல்லா தடியா, ஓரத்துல பூப்போட்டு. ரெண்டு கையால இழுத்தாலும் கிழியாது. தண்ணியில ஊறப்போட்டுப் பாத்தேன்ணே, கிழியவே கிழியாது!

ஏண்ணே சிரிக்கிறீங்க?

ஞாயித்துக்கிழமைன்னா என் டூட்டி. வைப்ஸ உள்ளங்கையில கொஞ்ச நேரம் பொத்தி வச்சுக்குவேன், சில்லுன்னு பட்டா பாப்பா வீல்னு கத்துவா. முன்னாடியிருந்து பின்னாடி தொடைக்கணும், பொம்பளப் புள்ள இல்லையா. ஈரம் காஞ்சப்புறந்தான் டயப்பர். அந்த வைப்ஸக் குப்பைத் தொட்டியில போட்டா வீடே நாறும்ணே. நான் கொஞ்சம் சுத்தக்காரன். நேரா டாய்லெட்ல போட்டு ஒரு ஃப்ளஷ்... போயே போச்சு!

என்னது? போகலையா? கம்பியில ஏதோ மாட்டுதா? இழுங்க, இழுங்க... அடேயப்பா, வந்துக்கிட்டே இருக்கு! பாத்தீங்களா, நான் சொன்னேன்ல, துணி... இருங்க. இருங்கண்ணே. இது ஓரத்துல... பூப்போட்டிருக்கே.

ஒண்ணுகூட கிழியல, பாருங்களேன்.

அண்ணே, ஒரே ஒரு ஒத்தாசை. குழாய் பழசு, அதான் அடைச்சுக்கிச்சுன்னு அவங்ககிட்ட சொல்லிருங்களேன். காலையில அந்தப் பேச்சுப் பேசிட்டு இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு... ஏண்ணே எனக்குப் பின்னாடியே பாக்குறீங்க?

அத்தை! எப்ப வந்தீங்க?... நீங்க பொட்டி கட்டிட்டிருக்கீங்கன்னு நான் சொல்லும்போதேவா?

தப்பு என்னோடதுதான் அத்தை. யோசிக்காம உங்களப் போயி கேட்டுட்டேன், மனசே சரியில்ல. போகாதீங்க. பாப்பாவுக்காகவாவது... பொட்டிய வச்சுட்டீங்களா? அப்பாடா! அது என்ன கையில? பருத்தித் துணியா? எனக்கா? இந்தத் தரையத் தொடைக்கவா?

குடுங்கத்தை, குடுங்க. வெந்நீர்லதானே நனைக்கணும்?