பச்சை பூசிய இருபத்துநான்கு தூண்கள்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் பள்ளித் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, முன்வரிசையை நிறைத்து வீற்றிருக்கும் பெரியோர்களே, மேல்சரிவிலிருந்து கைக்குழந்தையோடு இறங்கி வந்திருக்கும் தாய்மார்களே, இடமில்லாமல் ஜன்னல் கட்டையில் தொற்றிக்கொண்டிருக்கும் இளைஞர்களே! உங்கள் அனைவரையும் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

முகில் முட்டும் முகடுகள் மூன்று பக்கம். நாலாவது பக்கம் நாற்பத்து மூன்று வளைவுகள் கொண்ட சாலை. அந்தச் சாலையில்தான் உங்கள் ஊருக்கு வந்தேன். என்ன அங்கே சிரிப்பு? ஓட்டுநர் சொல்லிவிட்டாரா? ஆமாம் ஐயா, முப்பதாவது வளைவில் பேருந்தை நிறுத்தச் சொன்னது நான்தான். வயிற்றில் இருந்ததையெல்லாம் வழியில் விட்டுவிட்டு நிமிர்ந்தேன். கீழே பள்ளத்தாக்கு! ஆற்றோரம் ஆப்பிள் மரங்கள், மரங்களுக்கு மேல் மரவீடுகள், வீடுகளுக்கு மேல் வெண்பனி.

அந்த அழகுக்கு நடுவே இந்த மண்டபம். ஓர் இரும்பாணி உண்டா? இல்லை. ஒரு தூணில் செதுக்கிய பூ மறு தூணில் உண்டா? இல்லை. ஐந்நூறு ஆண்டுகள் மழைக்கும் பணியாமல் பனிக்கும் பணியாமல் நின்ற மண்டபம், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் அதிகாரியின் பேனாவுக்குப் பணிந்தது. அந்த அதிகாரி நான்தான். அன்று தலை நிறைய முடி இருந்தது, அதனால் உங்களில் பலருக்கு அடையாளம் தெரியவில்லை.

பாரம்பரியப் பட்டியலில் சேர்ப்பதற்காகப் பார்வையிட வருகிறேன் என்று இரண்டு வரிக் கடிதம் போட்டேன். பட்டியலில் சேர்ந்தால் பனிக்காலத்திலும் சாலை திறந்திருக்க அரசு வழி செய்யும். உங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறவர்கள் நீங்கள். ஊர் கூடிப் பேசினீர்கள். ஊரின் ஒரே பெயிண்டரைக் கூப்பிட்டீர்கள். அவர் பன்னிரண்டு நாள் ஏணியில் நின்று, இருபத்துநான்கு தூண்களுக்கும் பளபளவென்று பச்சை எனாமல் அடித்து முடித்தார்.

நான் வந்து இறங்கியபோது தூரிகையும் கையுமாக வாசலில் நின்றார். "எப்படி சார் இருக்கு? உங்களுக்காகத்தான் அடிச்சோம்" என்றார். பிரமாதம் என்று வாயால் சொன்னேன். கையால் கோப்பில் என்ன எழுதினேன் தெரியுமா? 'பழைய வேலைப்பாடு அழிந்துவிட்டது. காரணம், உள்ளூர்ப் பெயிண்டர்.' எழுதிவிட்டு மூன்று மணிப் பேருந்தைப் பிடிக்க ஓடினேன்.

அதன் நகல் உங்கள் கைக்கு வந்தது. பட்டியல் போயிற்று, சாலை போயிற்று, ஒன்பது பனிக்காலம் அடைபட்டுக் கிடந்தீர்கள். அந்தக் கோபத்தை எங்கே கொட்டினீர்கள்? இந்தப் பச்சையை எடுக்க முடியுமா என்று பார்க்க மறுபடி வந்தேன். முந்தாநாள் என் விடுதி அறைக் கதவு உரிந்து கிடப்பதைப் பார்த்து, பெயிண்ட் அடிக்கக் கூடாதா என்று விடுதிக்கார அக்காவிடம் கேட்டேன். "அந்த ஆளைக் கூப்பிட மாட்டோம் சார். நம்ம ரோட்டையே கெடுத்த கை அது" என்றார். ஒன்பது ஆண்டுகளாக இந்த ஊரில் ஒரு சுவரைக்கூட யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

நேற்றுக் காலை ஒரு தூணில், உள்ளங்கை அகலத்துக்கு, பெயிண்ட் கரைக்கும் மருந்து தொட்ட பஞ்சால் துடைத்தேன். பச்சை கரைந்தது, அடியில் பூ அப்படியே இருந்தது. கால் மணி நேர வேலை! அன்றே செய்திருக்கலாமா? செய்திருக்கலாம். 'எதையும் தொடாதீர்கள்' என்று கடிதத்தில் இன்னொரு வரி எழுதியிருக்கலாமா? எழுதியிருக்க வேண்டும், எங்கள் துறையின் விதியே அதுதான். மறந்தது யார்? நான். அவசரப்பட்டது யார்? நான். பெயிண்ட் அடிக்கச் சொன்னது யார்? நீங்கள். பழியைச் சுமந்தது மட்டும் அவர் ஒருவர்.

பரவாயில்லை என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் சொல்கிறார். மன்னிக்க வேண்டும் ஐயா, அதைச் சொல்லும் உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

நேற்று மாலை அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். உண்மையை எழுதிக் கையெழுத்திட்ட புது அறிக்கையை நீட்டினேன். எந்தத் தூணில் எத்தனை பூச்சு என்று அறிந்தவர் அவர்தான்; பெயிண்டை எடுக்கும் வேலைக்கு அவரே வர வேண்டும் என்று கெஞ்சினேன். அறிக்கையை அவர் கையில் வாங்கக்கூட இல்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "அன்னைக்குப் பிரமாதம்னு சொன்னீங்களே சார், அது நிஜமாவா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. செதுக்கலின் நெளிவில் ஒரு சொட்டுக்கூடத் தேங்காத வேலை அது என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். பிறகு, "நீங்க கூப்பிட்டா வர மாட்டேன் சார். ஊர் கூப்பிடட்டும்" என்றார்.

பள்ளத்தாக்கின் பெருமக்களே! அறிக்கை எழுத என்னால் முடியும். மண்டபத்துக்காக மன்றாட என்னால் முடியும். அந்த மனிதரை இந்த வாசலுக்குள் அழைத்து வர என்னால் முடியாது, உங்களால்தான் முடியும். அவர் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம், பத்து நிமிட நடை. இப்போது வீட்டில்தான் இருக்கிறார், விசாரித்துவிட்டுத்தான் மேடை ஏறினேன். கைதட்ட வேண்டாம், எழுந்திருங்கள். அம்மையார் முன்னே நடக்கட்டும், நான் எல்லோருக்கும் பின்னால் வருகிறேன். இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. வணக்கத்தை மட்டும் அவர் வாசலில் வந்து சொல்கிறேன்.