நீல விளக்கு எரிந்த டிஸ்க்

கம்ப்யூட்டர் அறையில் சர்வர் பெட்டிகளின் பின்பக்கம் எப்போதும் கதகதப்பாக இருக்கும், ஐயா. முன்னால் நின்றால் ஸ்வெட்டர் வேண்டும், பின்னால் போனால் கைக்குட்டை வேண்டும். கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை முன்பக்கத்தோடு அனுப்பிவிடுவார்கள். அங்கே பச்சை விளக்குகள் வரிசையாக மின்னி ஆளை மயக்கும். பின்னால் ஒயர், மின்விசிறி இரைச்சல், தூசி, அப்புறம் நான்.

விசாரிக்க வந்த நீங்கள் இந்தக் கறுப்பு டேப் துண்டை மேசைமேல் வைத்துக் கேட்டீர்கள். அதனால் சொல்கிறேன். மறைக்க எனக்கு இனிமேல் தெம்பு இல்லை.

எங்களுடையது ஜனங்களின் போட்டோவையும் வீடியோவையும் வாங்கி வைத்துக் காப்பாற்றுகிற கம்பெனி. அவற்றைச் சேர்த்து வைத்த பெட்டியில் முன்னால் இடம் தீர்ந்துபோய், பின்பக்கத்திலும் இரண்டு டிஸ்க்குகளைச் செருகியிருந்தோம். ஒவ்வொன்றின் ஓரத்திலும் கடுகளவு விளக்கு. பச்சை என்றால் சௌக்கியம். ஆரஞ்சு என்றால் டிஸ்க் படுத்துவிட்டது. பெட்டியே போனால் முன்பக்கத்து விளக்கெல்லாம் சிவப்பாகிவிடும். நீலம் மட்டும் தானாக எரியாது, நாங்கள்தான் எரிய விடுவோம். திரை முன்னால் இருப்பவன் ஒரு பொத்தானை அழுத்தினால், பின்னால் நிற்பவனுக்கு இதைத்தான் உருவ வேண்டும் என்று அது காட்டிக்கொடுக்கும். பின்னால் நிற்பவன் யோசிக்கக் கூடாது, நீலத்தை நம்ப வேண்டும். எங்கள் தொழிலில் ஒழுக்கம் என்பது அவ்வளவுதான்.

ஒரு டிஸ்க் போனால் பெட்டி தாங்கும். இரண்டு போனால் உள்ளே இருப்பதெல்லாம் காலி. நகல் வைத்திருந்த இன்னொரு பெட்டியைப் போன வருடச் சிக்கனத்தில் விற்றுவிட்டார்கள். "அதான் ஒண்ணு போனாலும் தாங்குமே, அப்புறம் என்ன?" என்றார் முதலாளி. அவரைக் குறை சொல்லவில்லை. அவர் முன்பக்கத்து ஆள்.

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு ஒரே பெண். பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். ஏரியில் மூழ்கிப் போனாள். அன்றைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனவன் நான். என்னால் முடிந்ததையெல்லாம் செய்தேன் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் நான்தான் சொன்னேன்.

பாப்பாவின் வீடியோக்கள் மொத்தமும் எங்கள் பெட்டியில்தான் இருந்தன. "போன் தொலையும், உடையும். எங்ககிட்ட போட்டா கல்லுல செதுக்கின மாதிரி" என்று நான்தான் பீற்றிக்கொண்டேன். என் போனில் எடுத்தவையும் தாமாகவே அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. சாயங்காலமானால் அக்கா சோபாவில் சுருண்டு உட்கார்ந்து பார்ப்பாள். சத்தம் வைக்க மாட்டாள், குழந்தையின் குரலை அத்தானால் தாங்க முடியாது. தட்டில் சாப்பாடு ஆறிப்போகும். ராத்திரி தூக்கம் கிடையாது. கன்னம் ஒட்டிப்போனது. பார்க்கிற யாருக்கும் மனசு கேட்காது, எனக்கும் கேட்கவில்லை. அவள் தூங்க வேண்டும், அதற்கு அந்த வீடியோக்கள் இல்லாமல் போக வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

அவளுடையதை மட்டும் அழித்திருக்கலாமே என்பீர்கள். அழித்தால், யார் அழித்தது என்று பெட்டி பெயரோடு குறித்துக்கொள்ளும். டிஸ்க் செத்தால் யார் தலையும் உருளாது. தவிர, எல்லோருடைய படங்களும் துண்டுதுண்டாகக் கலந்துதான் டிஸ்க்குகளில் கிடக்கும். இதில் படங்களை இழந்தது பல ஆயிரம் குடும்பங்கள் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். நான் எண்ணிப் பார்க்கவில்லை. முதல் நடை, பல் விழுந்த சிரிப்பு, செத்துப்போன அப்பாவின் குரல், இப்படித்தான் இருந்திருக்கும். முக்கால்வாசிப் பேர் ஒருமுறை போட்டதோடு சரி, திரும்பத் திறந்ததே இல்லை.

பின்பக்கத்து டிஸ்க்கில் ஒன்று தானாகவே ஆரஞ்சுக்கு மாறியது. அதில் என் கை இல்லை. எச்சரிக்கை என் போனுக்குத்தான் வரும், அதை அணைத்தேன். விளக்கின்மேல் டேப்பை ஒட்டினேன். பிறகு சோடாபுட்டியைப் பின்னால் அனுப்பினேன். என்னோடு வேலை பார்ப்பவன், தடித்த கண்ணாடி போட்டவன். அந்தப் பெயரை வைத்ததும் நான்தான். திரை முன்னால் உட்கார்ந்து, அதற்குப் பக்கத்தில் நன்றாக இருந்த இன்னொரு டிஸ்க்கின் நீல விளக்கை எரிய விட்டேன். போனில் கூப்பிட்டான்.

"அண்ணே, நீலம் எரியுது. உருவவா?"

"உருவாம, தாலாட்டுப் பாடப் போறியா? உருவுடா."

டிஸ்க்கை உருவி, புதுசைச் செருகுகிற சத்தம் போனில் கேட்டது.

"புதுசைப் போட்டுட்டு முன்னாடி வந்து பாத்தேன். எல்லாம் செவப்பா எரியுதுண்ணே."

"புதுசு போட்டா கொஞ்ச நேரம் அப்படித்தான் மொறைக்கும், நம்ம மேனேஜர் மாதிரி. நீ பழசை எடுத்துட்டு வா."

சிரித்துக்கொண்டே கொண்டுவந்தான். உருவிய டிஸ்க்கை அப்போதே துளை போட்டுவிட வேண்டும் என்பது எங்கள் விதி. அடுத்தவர் வீட்டுப் படம் குப்பைக்குப் போய் யார் கையிலாவது சிக்கிவிடக் கூடாது பாருங்கள். டிரில்லிங் மெஷினை நானே பிடித்தேன். டிஸ்க்கில் இன்னும் சூடு இருந்தது. அப்புறம் பின்னால் போய் டேப்பைப் பிய்த்தேன். அவசரத்தில் ஒரு துண்டு அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது, அதுதான் இது.

டேப் போனதும் ஆரஞ்சு பளிச்சென்று தெரிந்தது. கெட்டதை விட்டுவிட்டு நல்லதை உருவிய குருட்டுப் பயல் என்று சோடாபுட்டியை வீட்டுக்கு அனுப்பினார்கள். நீலத்தை எரிய விட்டது யார் என்று எந்தப் பெட்டியும் குறித்து வைப்பதில்லை. அவன் என் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"சத்தியமா நீலத்தைத்தாண்ணே உருவினேன். இல்ல, மாத்தி உருவிட்டேனா? எனக்கே சந்தேகமா இருக்கு."

"விடுடா. கண்ணு சில சமயம் ஏமாத்தும்" என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன். ஒரு நல்ல கண்ணாடி வாங்கிக் கொடுக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

ஏன் அந்த வாரம் என்று கேட்கிறீர்கள். அத்தான் அக்காவுக்கு இயர்போன் வாங்கிக் கொடுத்திருந்தார். "பாவம், குரலையாவது கேக்கட்டும். எனக்குக் கேக்காம இருந்தா சரி" என்றார். நல்ல மனுஷன்.

கடைசி வீடியோவை எடுத்தது நான். படத்தில் ஒன்றுமில்லை. பாப்பா தண்ணீரில் கையை ஆட்டுகிறாள், விளையாடுகிற மாதிரிதான் இருக்கும். சத்தத்தில், "மாமா, கால் எட்டல" என்கிறாள். "நடிச்சது போதும், இந்தப் பக்கம் பாத்துச் சிரி" என்கிறேன். அவள் மறுபடியும் சொல்கிறாள். நான் மறுபடியும் ஜோக் அடிக்கிறேன். இருக்கிற இடத்தைக் கலகலப்பாக வைத்துக்கொள்வேன் என்று சொந்தக்காரர்களிடம் எனக்கு நல்ல பெயர். ஆனால் அதற்காக நான் இதைச் செய்யவில்லை. அக்கா தூங்க வேண்டும் என்றுதான் செய்தேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் தூங்கவில்லை. இப்போது சாயங்காலமானால் என்னைக் கூப்பிடுகிறாள். "படந்தான் போச்சு. கூட இருந்தவன் நீதானேடா. அவ கடைசியா என்ன சொன்னா, நீயாவது சொல்லு" என்கிறாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். ஒரே ஒரு தடவை மாமா என்று கூப்பிட்டாள், அவள் வாயை மூடுவதற்குள் நான் தண்ணீரில் இருந்தேன் என்று. அக்கா என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். தினமும் சொல்லிச் சொல்லி, ஐயா, இப்போது எனக்கும் அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.