ஆசி கொடுத்த வீட்டில் போலீசுக்கு என்ன வேலை

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தேநீர் ஊற்றக்கூடத் தெரியவில்லை. கோப்பை விளிம்பு வரை ஊற்றி வைக்கிறாய். கிர்கிஸ் வீட்டில் இப்படி ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். நீயோ உட்கார்ந்து பேசு என்கிறாய். சரி தம்பி, பேசுகிறேன். எனக்குப் படிப்பு கிடையாது. நீ எழுதுவதை வாசித்துக் காட்டினாலும் நம்பப்போவதில்லை.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் குல்பாரா என்று ஒரு நர்ஸ். நல்ல பெண்தான், வலிக்காமல் ஊசி போடுவாள். என் தம்பி மகன் கெமெலின் பெண்டாட்டி ஜிபார், கை ஒடிந்து அவளிடம் போயிருக்கிறாள். கட்டுப் போட்டதோடு விட்டிருக்கலாம். நேரே என்னிடம் வந்து நிற்கிறாள்.

"பெரியவரே, நான் போலீசுக்குச் சொல்லியாகணும். புதுச் சட்டம்."

"ஜிபார் சொல்லச் சொன்னாளா?"

"அவ சொல்லணும்னு இல்ல. புருஷன் அடிச்சு வந்தாலே நான் சொல்லணும். சொல்லலைன்னா என் வேலை போயிடும்."

"அடடா. கோள் சொல்ல அரசாங்கமே சம்பளம் தருதா? முன்னாடியே தெரிஞ்சிருந்தா என் பெண்டாட்டி பெரிய பணக்காரி ஆயிருப்பாளே."

அவள் சிரிக்கவில்லை. நர்ஸ் படிப்பில் முதலில் சிரிப்பைத்தான் பிடுங்கிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. கொஞ்சம் பொறு, முறைப்படி முடிக்கிறேன் என்றேன்.

முடிக்கவும் செய்தேன். கெமெல் ஆடு அறுத்தான். ஊர்ப் பெரியவர்கள் கூடினோம். ஜிபாரின் தலையில் வெள்ளைத் துணியை நானே கட்டினேன், புதுப்பெண்ணுக்குக் கட்டுவதுபோல. மூத்தவன் என்று ஆட்டுத்தலையை எனக்கு வைத்தார்கள். இருவரும் சேர்ந்து வாழக் கையேந்தி ஆசி சொன்னேன். எல்லோரும் உள்ளங்கையால் முகத்தைத் தடவி "ஓமின்" என்றார்கள். முகம் தடவியாகிவிட்டால் விஷயம் முடிந்தது. அப்புறம் அதைப் பேசுகிறவன் என் ஆசியின் மேல் துப்புகிறான் என்று அர்த்தம். குல்பாராவுக்கும் நல்ல விலாக்கறி கொடுத்தனுப்பினேன். தின்றவள் பேசமாட்டாள் அல்லவா. தட்டை மூடிய துணியைக்கூட விலக்காமல் திருப்பி அனுப்பிவிட்டாள். அன்றே போலீசுக்குப் போன் செய்தும் விட்டாள்.

மறுநாள் காலை ஜிபார் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். கெமெல் மறுபடி கை நீட்டியிருந்தான். முன்கோபி. குதிரைகளிடம் மட்டும் பொறுமைசாலி. அவளைக் கறி தொங்கவிடும் அறையில் உட்காரவைத்து வெளியே பூட்டினேன். அவள் பாதுகாப்புக்குத்தான்.

கொஞ்ச நேரத்தில் உங்கள் போலீஸ்காரன் ஒருவன் வந்தான். வெளியூர்க்காரன் யாரானாலும் முதலில் ஊர்ப் பெரியவர் வீட்டில் தேநீர் குடித்துவிட்டுத்தான் மற்ற வேலை. அவனும் மரியாதை தெரிந்த பிள்ளை, நேராக என்னிடம் வந்தான்.

"ஜிபார் எங்க, பெரியவரே? கெமெல் வீட்டுலதான் இருக்காளா?"

"அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா."

உள்ளே கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"அது என்ன சத்தம்?"

"கன்னுக்குட்டி. வெளிய குளிரு, உள்ள கட்டியிருக்கேன்."

மறுபடி தட்டியது. "கன்னுக்கும் தேநீர் வேணும் போல," என்று சிரித்தான். நானும் சிரித்தேன். வெண்ணெய் தடவி இன்னொரு ரொட்டி தின்றுவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டான்.

வேறென்ன செய்திருக்க வேண்டும் என்கிறாய்? முகம் தடவிய கையின் சூடுகூட இன்னும் ஆறவில்லை. கதவைத் திறந்து அவளைக் காட்டியிருந்தால் என் வார்த்தைக்கு என்ன மதிப்பு? அடுத்த விருந்தில் எவன் எனக்குத் தலைக்கறி வைப்பான்?

கெமெலுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தான். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியப்பா, மன்னிச்சிடுங்க" என்றான். பார், கேட்க வேண்டிய இடத்தில் மன்னிப்புக் கேட்கத் தெரிந்த பிள்ளை. நானே பூட்டைத் திறந்தேன். அவளுடைய நல்ல கையைப் பிடித்து அவன் கையில் கொடுத்தேன். போலீஸ் வந்து போனதையும் அவனிடம் சொன்னேன். வீட்டு ஆண்பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?

பொழுது சாய்வதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். மாடு உதைத்தது என்று சொல்லும்படி, உடலைக் கழுவிய பெண்களிடம் சொன்னதும் நான்தான். எழுதிக்கொள். மறைக்க என்ன இருக்கிறது.

ஆனால் ஒன்று. குல்பாரா வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போலீஸ் வந்திருக்காது. போலீஸ் வராவிட்டால் கெமெலுக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. அவளைக் கூப்பிட்டு விசாரிக்காமல் என்னை உட்காரவைத்திருக்கிறாய்.

ஜிபாரை நான் கட்டாயப்படுத்தவும் இல்லை. "மகளே, வீட்டுக்குப் போறியா?" என்று கேட்டேன். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போகலாம் என்கிறாயா? அங்கே தொங்கும் என் கோட்டை எடு. கூப்பிட்டால் வருகிறேன், ஆனால் நீ சொல்வது எனக்கு ஏறாது. அன்று காலையிலேயே அவள் தாடை உடைந்திருந்ததாம், வாயைத் திறந்திருக்கவே முடியாதாம். இருக்கட்டுமே. தலையையாவது ஆட்டியிருக்கலாம்.