வெள்ளிக்கிழமை நாடகம்

அக்கா: ...சொல்லிடு. இடைவேளை விட்டாச்சு, உன் வீட்டுக்காரர் காபி வாங்க வரிசையில நிக்கிறாரு. வந்ததும் சொல்லிடு.

தங்கை: மெதுவா பேசுக்கா. முன் சீட்டுல ஆள் இருக்கு.

அக்கா: முன் சீட்டுக்காரருக்கு என்ன வந்துச்சு? எத்தனை நாளைக்குத்தான் முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பே?

தங்கை: இந்தப் படத்துக்கு உன்னை யாரு வரச் சொன்னா?

அக்கா: உன் வீட்டுக்காரர்தான். 'ரேடியோ நாடகக்காரங்களைப் பத்தின படம் அண்ணி, நீங்க இல்லாம எப்படி'ன்னு போன்ல ஒத்தைக் கால்ல நின்னாரு.

தங்கை: ரேடியோவுல நடிச்சவ நான். உன்னை எதுக்குக் கூப்பிடணும்?

அக்கா: நானும் அதைத்தான் கேட்டேன். சிரிச்சாரு.

தங்கை: ஊர்ல எத்தனையோ கதை இருக்கு. கதாநாயகிக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, அவளுக்குப் பதிலா தோழி போய் நாடகத்துல பேசுறான்னு... இந்தப் படம் எடுத்தவங்களுக்கு யாருக்கா சொன்னது?

அக்கா: நான் சொல்லலை. தொண்டைன்னு ஒண்ணு இருந்தா கட்டத்தான் செய்யும். உனக்கு மட்டும்தான் நாடகத்தன்னிக்குக் கட்டுமா?

தங்கை: அதுவும் அந்த அழுகை சீன்...

அக்கா: அவ சுமாராத்தான் அழுதா. நான் இதைவிட நல்லா அழுதேன்.

தங்கை: அக்கா...

அக்கா: சரி, சரி. நீ ஒத்திகை பாக்கறப்பல்லாம் எதிர்ல உட்கார்ந்து மத்தவங்க வசனத்தை எல்லாம் படிச்சேன். எனக்குன்னு பேசக் கிடைச்சது அந்த ஒரு நாள். அதுவும் உன் பேர்ல.

தங்கை: நானா உன் பேரை வேண்டாம்னேன்? அம்மா வீட்டுக்கு வந்த இடத்துல ரேடியோவுல பேசினது உன் மாமியாருக்குத் தெரிஞ்சா வீட்டுல சேர்க்க மாட்டாங்கன்னு நீதானே பயந்தே.

அக்கா: அந்த அம்மா போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாச்சு. இப்ப யாருக்குப் பயம்?

தங்கை: எனக்குத்தான். அவர் அந்த வெள்ளிக்கிழமை நாடகத்துக்கு அப்புறம்தான் என்னைத் தேடிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்தாரு. 'அந்த அழுகையைக் கேட்டு ஆடிப் போயிட்டேன்'னு இன்னிக்கும் சொல்றாரு. அழுதது நீன்னு தெரிஞ்சா... அப்ப நான் யாரு? ஆள் மாறி வந்த பொண்டாட்டியா?

அக்கா: பைத்தியம். பேரன் பேத்தி எடுத்தாச்சு. இனிமே கடையில திருப்பிக் குடுக்கவா போறாரு?

தங்கை: சிரிக்காதே. எனக்கு நிஜமாவே பயமா இருக்குக்கா.

அக்கா: என் பாடு மட்டும் என்னவாம்? நான் உன் வீட்டு வாசப்படி ஏறினாப் போதும், அந்தக் கதையை எடுத்துடுவாரு. யாரோ அழுத மாதிரி 'அப்படியா தம்பி'ன்னு நான் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்.

தங்கை: அதான் எனக்கும் புரியலை. நீ இல்லாதப்ப அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாரு. ...வராரு, வராரு.

வீட்டுக்காரர்: காலை மடக்குங்க, சூடா இருக்கு. அண்ணி, இது உங்களுக்கு. ...என்ன, என்னைப் பார்த்ததும் ரெண்டு பேரும் ஒலிபரப்பை நிறுத்திட்டீங்க?

அக்கா: படத்தைப் பத்தித்தான் தம்பி. மைக்குக்கு முன்னால அந்தப் பொண்ணு கை நிறைய வளையலோட நிக்கிறா. ரேடியோவுல முதல்ல அதைத்தான் கழட்டச் சொல்வாங்க. கழட்ட வரலைன்னா கைக்குட்டையைச் சுத்தி இறுக்கிக்கணும். இல்லேன்னா அழறப்ப கிலுகிலுன்னு...

வீட்டுக்காரர்: அனுபவம் பேசுது.

அக்கா: எனக்கு ஏது அனுபவம்... இவ சொல்லிக் கேட்டது.

தங்கை: ஆமாங்க. நான்தான் சொன்னேன்.

வீட்டுக்காரர்: உனக்கு வளையல் போட்டாலே கை அரிக்குமே.

அக்கா: காபியில சர்க்கரை போடலையா தம்பி?

வீட்டுக்காரர்: அடியில இருக்கு அண்ணி, கலக்குங்க. ஆனா என்ன சொன்னாலும் நான் அன்னிக்குக் கேட்ட அழுகை இந்தப் படத்துல வர்ற பொண்ணுக்கு வருமா? மூடின கதவுக்குப் பின்னால பொண்டாட்டி. வெளியில புருஷன். கதவைத் திறக்காமலே...

தங்கை: போதுங்க.

வீட்டுக்காரர்: ஏன்?

தங்கை: அது நான் இல்லை.

அக்கா: அடியே...

தங்கை: நீதானேக்கா சொல்லச் சொன்னே. ...அன்னிக்கு எனக்குக் காத்துதான் வந்துச்சுங்க, குரல் வரலை. அக்காதான் போய்ப் பேசினா. நீங்க ஆசைப்பட்டு வந்த குரல் என்னோடது இல்லை. திட்டணும்னா திட்டிடுங்க.

வீட்டுக்காரர்: பாப்கார்ன் எடுத்துக்க.

தங்கை: விளையாடாதீங்க.

வீட்டுக்காரர்: நாடகம் ஓடினப்ப நீ எங்க இருந்தே?

தங்கை: டாக்டர்கிட்ட. ஒரே கூட்டம்... அங்கயும் ரேடியோ வச்சிருந்தாங்க.

வீட்டுக்காரர்: எதிர் பெஞ்சுல யாரு?

தங்கை: யாருக்கு ஞாபகம்? யாரோ ஒரு ஆளு... பல்வலி போல. கன்னம் வீங்கி, தாடையிலருந்து தலை வரைக்கும் துண்டைக் கட்டிக்கிட்டு, குரங்காட்டம்...

வீட்டுக்காரர்: மெதுவா சொல்லு. முன் சீட்டுல ஆள் இருக்கு.

அக்கா: தம்பி... நீங்களா அது?

வீட்டுக்காரர்: நான்தான். ரேடியோவுல ஒருத்தி அழறா. எதிர்ல ஒருத்தி கழுத்துல மப்ளரைச் சுத்திக்கிட்டு, ஒரு வசனம் விடாம கூடவே உதட்டை அசைக்கிறா. சத்தமே இல்லை, கண்ணுல தண்ணி மட்டும் கொட்டுது. நாடகம் முடிஞ்சு நடிச்சவங்க பேரைச் சொன்னாங்க. கொஞ்ச நேரத்துல அதே பேரைச் சொல்லி கம்பவுண்டர் கூப்பிட்டாரு. நீ எழுந்து போனே. நான் பல்லைக்கூட மறந்துட்டு அவர்கிட்ட உன் விலாசம் கேட்டேன்.

தங்கை: அப்ப... என்னைப் பாத்துத்தான் வந்தீங்களா?

வீட்டுக்காரர்: உன்னைத்தான். ரெண்டு பேருக்கும் வாயைத் திறக்க முடியலை, நல்ல ஜோடின்னு நினைச்சேன். அப்புறம் உனக்குத் தொண்டை சரியாயிடுச்சு.

அக்கா: அழுதது நான்னு எப்பத் தெரியும் தம்பி?

வீட்டுக்காரர்: உங்க வீட்டுக்கு முதல் தடவை வந்தப்ப, கதவுக்குப் பின்னாலருந்து 'யாரு'ன்னு கேட்டீங்களே அண்ணி. அப்பவே.

தங்கை: தெரிஞ்சுக்கிட்டேதானா இத்தனை வருஷம் அந்த அழுகையைச் சொல்லிச் சொல்லி என் உசிரை வாங்கினீங்க?

அக்கா: அதானே. சும்மா இருந்திருக்கலாமே தம்பி.

வீட்டுக்காரர்: எப்படி அண்ணி சும்மா இருக்கறது? அவ்வளவு நல்லா நடிச்சீங்க, ஒரு மனுஷன் உங்களைப் பாராட்டலை. உங்க பேரைச் சொன்னா இவ பயந்துடுவா. அதான், நீங்க வர்றப்பல்லாம் இவகிட்ட சொல்ற மாதிரி உங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன்.