முடிச்சுக்குச் சொந்தக்காரன்

யுவராஜ்: அந்த நோட்டீஸை இன்னொருக்கா படி கண்ணு. கொண்டை ஊசி வளைவுல திருப்பறப்ப வண்டிச் சத்தத்துல பாதி கேக்கல.

பூங்குழலி: எத்தனை தடவைங்கண்ணா... "பலர் அனுப்பும் சரக்கின் அளவைத் திரட்டி, ஒரே வாகனத்தில் நிரவி, செல்லும் வழியைக் கணினியால் வகுக்கும் முறை." இது அந்தக் கம்பெனிக்காரங்க கண்டுபிடிச்சதாம். பேட்டன்ட் வாங்கியிருக்காங்களாம். என் ஆப் அதைத் திருடிருச்சாம்.

யுவராஜ்: அவ்வளவுதானா?

பூங்குழலி: அவ்வளவேதான். மொளகா, கெழங்கா, மாட்டுத் தீவனமா, ஒண்ணும் கெடையாது. யாரு எதைச் சேத்து ஏத்துனாலும் அவங்க சொத்து.

யுவராஜ்: அப்ப நான் தெனமும் ஊரு மூட்டையெல்லாம் சேத்து இந்த வண்டியில ஏத்தறது?

பூங்குழலி: உங்க தலைக்குள்ள கம்ப்யூட்டர் இல்லைல்ல. தப்பிச்சீங்க.

யுவராஜ்: நக்கலு...

பூங்குழலி: நம்ம வக்கீல் சொன்னதுங்கண்ணா. வெறும் புரோகிராமுக்கு இங்க பேட்டன்ட் இல்லையாம். கூட ஒரு மெசினைச் சேத்து எழுதுனா கெடைச்சிருமாம். சட்டம்னா அப்படி.

யுவராஜ்: நம்ம கயித்தைச் சொன்னியா? பஸ் ஸ்டாப் கம்பத்துல ஊட்டுக்கு ஒரு கயிறு, மூட்டைக்கு ஒரு முடிச்சு. நான் வந்து எண்ணிப் பாத்து, வண்டி ரொம்புனா...

பூங்குழலி: அதைப் பாத்துத்தானே ஆப்பே எழுதுனேன்! சொன்னேன். "அவங்க மனு போட்டது 2019. அதுக்கு முந்தி எழுத்துல, தேதியோட ஏதாச்சும் இருக்கா"ன்னார். அவுத்து எறியற கயித்துக்கு ஏதுங்க தேதி?

யுவராஜ்: 2019க்கு முந்தி... தேதியோட...

பூங்குழலி: என்னங்கண்ணா, என்ன யோசனை?

யுவராஜ்: ஒண்ணுமில்ல... சேலத்துல காலேஜ் சர்டிபிகேட் கெடைச்சுதா?

பூங்குழலி: ம்.

யுவராஜ்: நம்ம வண்டியில மூட்டை போடற பெருமாயிக்கும் நோட்டீஸ் வந்துச்சாமே?

பூங்குழலி: ஆப்புல பேரு இருக்கற நாப்பத்தோரு பேருக்கும். அந்தம்மா காடு கழனியே போவுதுன்னு மூணு நாளா சோறு திங்கல. "எங்களைக் கோர்ட்டுக்கு இழுக்கத்தான் படிச்சியா சாமி"ன்னு கேட்டுச்சு. எங்கூட்டுல மொத டிகிரி நானு. நல்ல பேரு வாங்கியாச்சு.

யுவராஜ்: கம்பெனி அனுப்புன அந்தக் கடுதாசியில கையெழுத்துப் போட்டா...

பூங்குழலி: "காப்பியடிச்சேன், ஆப்பை மூடறேன், இனி எழுத மாட்டேன்"னு. போட்டா நாப்பத்தோரு பேரையும் உட்ருவாங்களாம்.

யுவராஜ்: போட்றாத கண்ணு.

பூங்குழலி: நேத்து வரைக்கும் போட்டுத் தொலைன்னீங்க?

யுவராஜ்: நேத்து வேற. இரு, ஓரங்கட்டறேன்... சீட்டுக்கு அடியில ஒரு கவர் இருக்குது, எடு. திட்டாத.

பூங்குழலி: போட்டோவா? கயித்தைப் புடிச்சுட்டு, பல்லெல்லாம் காட்டிட்டு... நீங்களா இது?

யுவராஜ்: 2018 ஆடி மாசம். அருவி பாக்க வந்த ரெண்டு பேரு, கம்பத்தைப் பாத்துட்டு என்னன்னு கேட்டாங்க. வந்தவங்க கேட்டா சொல்றதுதானே? அரை நாள் வண்டியிலயே கூட்டிட்டுப் போயி முடிச்சு, கணக்கு, வழி எல்லாம் காட்டுனேன். எங்கூட்டுலதான் களி தின்னாங்க. பொறவு இதைத் தபால்ல அனுப்புனாங்க. பெருமையா செவுத்துல மாட்டியிருந்தேன்...

பூங்குழலி: இத்தனை நாளு ஏன் சொல்லல?

யுவராஜ்: நாந்தான் தூக்கிக் குடுத்தேன்னு ஊரு சொல்லும்ல? நீ கையெழுத்துப் போட்டுட்டா இது வெளிய தெரியாமயே போயிரும்னு... ராத்திரியெல்லாம் மனசு கேக்கல. பின்னாடி திருப்பு.

பூங்குழலி: "உங்கள் முடிச்சு முறையை விளக்கியதற்கு நன்றி"... தேதி... அண்ணா, அதே கம்பெனி முத்திரை.

யுவராஜ்: பத்துமா? இது பத்துமா கண்ணு? ஏன் ஒரு மாதிரி பாக்கற... திட்டோணும்னா திட்டிரு. மொதல்ல வக்கீலுக்குப் போன் போடு!

பூங்குழலி: நான் சேலம் போனது சர்டிபிகேட்டுக்கு இல்லீங்கண்ணா... அவங்க வக்கீல் முன்னாடி உக்காந்து கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வாரேன்.